ஒரு சாம்பிளைப் பார்த்து 2000 பைக்கு ஓகே சொல்லலாமா?

கேள்வி: எங்கள் இயற்கை அங்காடிக்கு 2000 கேன்வாஸ் பைகள் செய்யக் கொடுக்கிறோம். கோரா நிறம் (வெளுக்காத, சாயம் போடாத துணி), 38 × 42 செ.மீ., 270 ஜிஎஸ்எம், முன்பக்கம் இரண்டு நிறத்தில் கடையின் சின்னம், பெயர் தமிழில். கரூரில் உள்ள யூனிட் ஒரு சாம்பிள் அனுப்பியிருக்கிறது. பார்க்க நன்றாகவே இருக்கிறது. "ஓகே சொன்னால் நாளைக்கே கட்டிங் போட்டுவிடலாம்" என்கிறார்கள். எதையெல்லாம் பார்த்துவிட்டு ஓகே சொல்ல வேண்டும்?

பதில்: இந்தச் சாம்பிளை வைத்துக் கட்டிங்குக்கு ஓகே சொல்ல வேண்டாம்.

யூனிட்டில் ஒற்றைச் சாம்பிள் எப்படித் தயாராகிறது என்று பாருங்கள். கையிருப்பில் கிடக்கும் துணியில் ஒரு மீட்டர் வெட்டுவார்கள். கை தேர்ந்த சாம்பிள் டெய்லர், சில இடங்களில் மாஸ்டரே, அரை மணி நேரம் எடுத்துப் பொறுமையாகத் தைப்பார். ஒரே ஒரு பைக்காக இரண்டு ஸ்கிரீன் போடுவது கட்டுபடியாகாது. அதனால் சின்னத்தை டிடிஎஃப் என்ற ஒட்டுப் படலத்தில் பிரிண்ட் எடுத்து ஹீட் பிரஸ்ஸில் ஒட்டிவிடுவார்கள். இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை, ஒற்றைப் பை அப்படித்தான் செய்ய முடியும். ஆனால் 2000 பைக்குத் துணி வேறு தறியிலிருந்து வரும், தைப்பவர் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவராக இருப்பார், பிரிண்ட் மேசையில் ஸ்கிரீன் வைத்து இழுப்பதாக இருக்கும். நீங்கள் கையில் வைத்திருக்கும் பைக்கும் லாரியில் வரப்போகும் பைக்கும் பொதுவானது அளவும் வடிவமும் மட்டுமே.

ஆகவே இந்த முதல் சாம்பிளை அதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். அளவு சரியா, காது (கைப்பிடி) நீளம் போதுமா, சின்னம் இருக்கும் இடம் பிடித்திருக்கிறதா என்று பார்த்து, திருத்தம் இருந்தால் சொல்லி ஆர்டரை உறுதி செய்யுங்கள். ஓகே என்ற சொல்லைப் பிபி (ப்ரீ-புரொடக்‌ஷன்) சாம்பிளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டருக்கான துணி யூனிட்டுக்கு வந்த பிறகு, அதே துணியில், அதே நூலில், ஆர்டருக்குப் போடும் அதே ஸ்கிரீனில் அடித்து, லைனில் தைக்கப்போகும் டெய்லரே தைத்துத் தருவதுதான் பிபி சாம்பிள். மொத்தக் கட்டிங் அதற்குப் பிறகுதான். இதை ஆர்டர் கொடுக்கும் அன்றே எழுத்தில் வாங்கிவிடுங்கள், ஏனென்றால் கத்தி விழுந்துவிட்டால் அளவைத் திருத்த முடியாது. இங்க் விழுந்துவிட்டால் எதையுமே திருத்த முடியாது.

பிபி சாம்பிள் ஒன்று போதாது, நான்கு கேளுங்கள். ஒன்று நீங்கள் சோதித்து அழிப்பதற்கு. ஒன்று உங்களிடம் இருக்க. ஒன்று யூனிட்டின் செக்கிங் மேசையில் தொங்க. மற்றொன்று பிரிண்டிங் நடக்கும் இடத்துக்கு. பல யூனிட்டுகள் பிரிண்டிங்கை வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுப்பதால் இந்த நான்காவது பை அவசியம். நான்கையும் ஒரே நாளில் ஒரே ஆள் தைத்திருந்தாலும் பரவாயில்லை. நான்குக்குள்ளேயே காது நீளம் ஒரு சென்டிமீட்டர் மாறுகிறது என்றால் 2000-ல் என்ன நடக்கும் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

முதலில் துணி. பையின் விலையில் பெரும்பங்கு அதுதான், குறைக்கிறவர்கள் கை வைப்பதும் அங்கேதான். 270 ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணி 270 கிராம். இதையே சிலர் சதுர கஜக் கணக்கில் 8 அவுன்ஸ் கேன்வாஸ் என்பார்கள். ஒரு அவுன்ஸுக்கு ஏறக்குறைய 34 ஜிஎஸ்எம் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றுதான். ஜிஎஸ்எம் கட்டர் இல்லாவிட்டாலும் குறையில்லை. துணியிலிருந்து சரியாக 10 × 10 செ.மீ. சதுரம் வெட்டி, 0.01 கிராம் காட்டும் நகைத் தராசில் வைத்து, வரும் எண்ணை நூறால் பெருக்குங்கள். 2.70 என்று காட்டினால் 270. கரையோரமாக வெட்டாமல் ரோலின் நடுவிலிருந்தும் இரு பக்கங்களிலிருந்தும் மூன்று துண்டு எடுத்துச் சராசரி பாருங்கள்.

தைத்த பையை வெட்டாமலே துணியைச் சோதிக்க இன்னொரு வழி உண்டு. உங்கள் பைக்கு எவ்வளவு துணி போகிறது என்று கணக்குப் போடுங்கள். அடியில் தையல் இல்லாமல் மடிப்பாக வரும் பை என்றால் உடல் ஒரே துண்டு. அகலம் 38-உடன் பக்கத் தையலுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு செ.மீ. சேர்த்து 40. நீளம் 42-ம் 42-ம், மேல்மடிப்புக்கு இரு முனையிலும் 4-ம் சேர்த்து 92. ஆக 40 × 92 செ.மீ., அதாவது 0.368 சதுர மீட்டர். காதுக்கு 64 × 10 செ.மீ. பட்டை இரண்டு. நான்காக மடித்தால் ஒரு அங்குலக் காது கிடைக்கும். அது 0.128. மொத்தம் 0.496 சதுர மீட்டர். 270-ஆல் பெருக்கினால் 134 கிராம். நூலும் இங்க்கும் ஒன்றிரண்டு கிராம் கூட்டும். பையைத் தராசில் வைத்து 118 கிராம்தான் காட்டினால், துணி 240 ஜிஎஸ்எம்-ஐத் தாண்டவில்லை என்று அர்த்தம். 5 சதவீதம் ஏற்ற இறக்கம் அனுமதிப்பது நியாயம். அந்தக் கணக்கில் பை 127 முதல் 141 கிராம் வரை இருக்கலாம். பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், மழைக்காலத்தில் தராசு சற்றுக் கூடுதலாகவே காட்டும். ஆகவே கீழ் எல்லையில் கறாராக இருங்கள்.

இந்தக் கணக்கு வேறொரு விஷயத்தையும் காட்டிக்கொடுக்கும். 48 அங்குல அகலத் துணி 122 செ.மீ. அதில் 40 செ.மீ. துண்டு மூன்று வைத்தால் 120, மிச்சம் இரண்டே சென்டிமீட்டர். கரை இரு பக்கமும் ஒவ்வொரு செ.மீ. எடுத்துவிடும். துணி நெசவில் ஒரு செ.மீ. குறைவாக வந்துவிட்டால் மூன்றாவது துண்டு 39 ஆகிவிடும். அல்லது மூன்றையும் சத்தமில்லாமல் 39.6-க்கு வெட்டுவார்கள், அல்லது கரையையே பக்கத் தையலுக்குள் தள்ளுவார்கள். கரை தையலுக்குள் இருப்பதில் தவறில்லை, பிசிறு வராது. ஆனால் துணியைவிடக் கரை இறுக்கமாக இருந்தால் துவைத்தபின் அந்தப் பக்கம் மட்டும் சுருக்கம் விழும். எனவே ரோலின் அகலம் என்ன, அகலத்தில் எத்தனை துண்டு வைக்கிறீர்கள் என்று கேளுங்கள். 1000 பைக்கு உடலுக்கு 307 மீட்டர், காதுக்கு 107 மீட்டர், கழிவு 3 சதவீதம் சேர்த்து 427 மீட்டர் அளவில் வரும். 2000-க்கு 855. யூனிட் சொல்லும் கொள்முதல் அளவு இதைவிட வெகுவாகக் குறைந்தால் எங்கேயோ அளவு குறையப்போகிறது.

கோரா துணியில் கஞ்சி இருக்கும். பாவு நூல் தறியில் அறுந்துபோகாமலிருக்கப் போடுவது அது. அளவோடு இருந்தால் இயல்பு. கையில் எடுத்தால் மொடமொடவென்று நிற்கும் கேன்வாஸைப் பார்த்து 'கனமான துணி' என்று மயங்க வேண்டாம். சோதனைப் பையை எடை போட்டு, வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, நன்கு காயவைத்து மறுபடி எடை போடுங்கள். கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். இறக்கம் பத்து சதவீதத்தை நெருங்கினால் கஞ்சிக்குக் காசு கொடுக்கிறீர்கள்.

அதே துவைப்பில் சுருக்கத்தையும் அளந்துவிடலாம். கோரா கேன்வாஸ் முதல் துவைப்பில் 5 முதல் 8 சதவீதம் சுருங்குவது வழக்கமானதுதான். 6 சதவீதம் என்றால் 42 செ.மீ. உயரம் 39.5-க்கு வந்துவிடும். வாடிக்கையாளர் துவைப்பார் என்று நினைத்தால் இரண்டு வழி. ஒன்று, சான்ஃபரைஸ்டு எனப்படும் முன்சுருக்கம் செய்த துணிக்குக் கூடுதல் விலை கொடுப்பது. மற்றது, சுருங்கும் அளவைச் சேர்த்துப் பெரிதாக வெட்டச் சொல்வது. இரண்டாவது மலிவு, ஆனால் சின்னத்தின் பிரிண்ட் துணியோடு சேர்ந்து சுருங்காமல் விளிம்பில் நெளியும். துவைத்த பையை மேசையில் விரித்துப் பக்கத் தையல் நேராக இருக்கிறதா, ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு ஓடுகிறதா என்றும் பாருங்கள். முறுக்கினால் ஊடை (குறுக்கு நூல்) சாய்ந்திருக்கிறது, அல்லது துணியை நேராக விரிக்காமல் வெட்டியிருக்கிறார்கள்.

சாயத் துணி என்றால் இதற்கு முன்னால் லேப் டிப் என்ற படி ஒன்று உண்டு. ஏ, பி, சி என்று மூன்று நிறத் துண்டு தருவார்கள், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் கவனிக்க வேண்டியது ஒன்றே. உடலும் காதும் ஒரே டை லாட்டிலிருந்து, அதாவது ஒரே தடவையில் சாயமேற்றிய துணியிலிருந்து, வெட்டப்பட வேண்டும். கருநீலம், மெரூன், கறுப்பு ஆகியவற்றில் லாட் மாறினால் கடை வெளிச்சத்திலேயே காது தனியாகத் தெரியும். உங்களுடையது கோரா, இந்தத் தலைவலி இல்லை. இருந்தாலும் கோராவுக்கும் லாட்டுக்கு லாட் நிறம் மாறும். பஞ்சைப் பொறுத்துச் சில ரோல் வெளுப்பாகவும் சில ரோல் பழுப்பாகவும் வரும்.

அடுத்தது பிரிண்ட். திரும்ப அடித்துத் தரச் சொல்லும் சண்டைகள் அதிகம் வருவது இதில்தான்.

முதல் சாம்பிளில் இருப்பது எந்த வகைப் பிரிண்ட் என்று கண்டுபிடியுங்கள். விரலால் தடவினால் மெல்லிய பிளாஸ்டிக் தகடுபோல் வழுவழுப்பாக இருந்து, எழுத்தின் ஓரத்தில் பசை விளிம்பு தெரிந்தால் அது டிடிஎஃப். பிக்மென்ட் ஸ்கிரீன் பிரிண்ட் என்றால் இங்க் நூலுக்குள் இறங்கியிருக்கும், கேன்வாஸின் நெசவு நிறத்தினூடாகத் தெரியும். ரப்பர் பிரிண்ட் இரண்டுக்கும் நடுவே, சற்றுத் தடித்து நிற்கும். பிளாஸ்டிசால் பளிச்சென்று இருக்கும், ஆனால் அது பிவிசி அடிப்படையிலானது. இயற்கை அங்காடியின் பையில் அதைப் போட்டுவிட்டு 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று அச்சடிப்பது பொருந்தாது. கேன்வாஸுக்கு நீர்சார்ந்த பிக்மென்ட் போதும். டிடிஎஃப் சாம்பிளில் கூர்மையாகத் தெரிந்த மெல்லிய கோடு ஸ்கிரீனில் வராது என்பதை மட்டும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் கேன்வாஸ் மேடுபள்ளமானது. அரை மில்லிமீட்டருக்குக் குறைவான கோடு விட்டுவிட்டு விழும். நிறத்துக்குள்ளே வெறுமையாக விட்ட இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் இங்க் நிரம்பி அடைத்துக்கொள்ளும். தமிழ் எழுத்தில் முதலில் பலியாவது புள்ளி. 'க்' என்பது 'க' ஆகிவிடும். அடுத்து ண, ன, ஞ ஆகியவற்றின் சுழிகள் அடைபடும். கடைப் பெயரின் கீழே வரும் முகவரி, தொலைபேசி எண் போன்ற சிறு எழுத்துகளைத் தடித்த எழுத்துருவுக்கு மாற்றுங்கள் அல்லது எடுத்துவிடுங்கள். டிசைன் கோப்பு அனுப்பும்போது எழுத்துகளைக் கர்வாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றி அனுப்புங்கள். இல்லாவிட்டால் அவர்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லாமல் ஒற்றைக்கொம்பு எழுத்தைத் தாண்டிப் போய் உட்காரும். தமிழ் தெரியாத டிசைனர் கையில் அது பிழையாகவே படாது. ஸ்கிரீன் போடுவதற்கு முன் எடுக்கும் ஃபிலிமையோ அதன் பிரிண்டையோ உண்மை அளவில் வாங்கி, எழுத்தெழுத்தாக வாசியுங்கள். வீட்டில் வேறொருவரையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

நிறத்தைப் பான்டோன் என்ற நிற அட்டையின் எண்ணில் சொல்லுங்கள், 'இலைப் பச்சை' என்று சொல்லாதீர்கள். ஆனால் பான்டோன் அட்டை வெள்ளைக் காகிதம், உங்கள் துணி கோரா. துணியின் பழுப்பு இங்க்கோடு கலந்து மஞ்சளை மங்கலாக்கும், வெளிர்பச்சையைக் களிமண் நிறத்துக்கு இழுக்கும். அடர்நிறங்களில் இந்த வித்தியாசம் குறைவு. மஞ்சள் பளிச்சென்று வேண்டுமென்றால் அடியில் வெள்ளை ஒரு கோட் போட வேண்டும். அது மூன்றாவது ஸ்கிரீன், விலை ஏறும். எனவே ஆர்டர் துணியிலேயே அடித்த ஸ்டிரைக் ஆஃப் (சோதனைப் பிரிண்ட்) துண்டை வாங்கி, காலை பத்து, பதினொரு மணிக்கு நேரடி வெயில் படாத வெளிச்சத்தில் ஒருமுறையும், கடையின் எல்இடி விளக்கில் ஒருமுறையும் பாருங்கள். வாட்ஸ்அப் படத்தைப் பார்த்து நிறத்துக்கு ஓகே சொல்வது கண்ணைக் கட்டிக்கொண்டு கையெழுத்துப் போடுவதுதான். பிடித்தால் துண்டின் மேலேயே கையெழுத்திட்டு இரண்டாக வெட்டி ஒரு பாதியை அவர்களுக்கு அனுப்புங்கள்.

பிரிண்ட் காய்வது வேறு, வேகுவது வேறு. பிக்மென்ட் இங்க்கில் உள்ள பைண்டர் துணியைப் பிடிக்க ஏறக்குறைய 150 டிகிரி வெப்பம் மூன்று, நான்கு நிமிடம் வேண்டும். இதைக் கியூரிங் என்பார்கள். சிறு யூனிட்டில் வெயிலில் உலர்த்தியே அடுக்கிவிடுவதும் உண்டு. சில இங்க்குகளில் ஃபிக்சர் கலந்தால் சில நாட்களில் தானாகவே இறுகும். சாம்பிள் உங்களிடம் வந்து சேர்வதற்குள் அந்த நாட்கள் கடந்துவிடும், ஆகவே சோதனையில் தேறிவிடும். 2000 பையோ அடித்த மறுநாளே மடித்துக் கட்டப்படும். 'கியூரிங் மெஷினில் போடுகிறீர்களா, எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம்' என்ற கேள்விக்கு வரும் பதிலை ஓகே கடிதத்தில் எழுதிவிடுங்கள்.

சோதனை எளிது. வெள்ளைப் பருத்தித் துணியை விரலில் சுற்றி பிரிண்டின் மேல் பத்து முறை முன்னும் பின்னும் அழுத்தித் தேயுங்கள். பிறகு துணியை நனைத்துப் பிழிந்து அதையே செய்யுங்கள். உலர்ந்ததில் நிறம் ஒட்டவே கூடாது. ஈரத்தில் லேசான சாயல் வந்தால் ஏற்கலாம். ஆய்வகத்தில் இதே வேலையை ஐஎஸ்ஓ 105-எக்ஸ்12 முறைப்படி செய்து 1 முதல் 5 வரை மதிப்பெண் தருவார்கள். உலர்வுக்கு 4, ஈரத்துக்கு 3 கேட்பது வழக்கம். கோவையில் உள்ள சிட்ரா ஜவுளி ஆராய்ச்சி நிறுவனத்திலோ டெக்ஸ்டைல்ஸ் கமிட்டி ஆய்வகங்களிலோ கொடுத்துப் பார்க்கலாம். 2000 பைக்கு அது கட்டாயமில்லை. ஏற்றுமதி என்றால் வாங்குபவர் கேட்கக்கூடும்.

பிரிண்ட் இடத்தைச் சொல்லும்போது ஒரு பொறி இருக்கிறது. நீங்கள் 'மேலிருந்து 11 செ.மீ.' என்பது தைத்து முடித்த பையின் மேல்விளிம்பிலிருந்து. பிரிண்டரோ தைப்பதற்கு முன், வெட்டிய துண்டில் அடிக்கிறார், அவருக்கு மேல்விளிம்பு என்பது வெட்டு விளிம்பு. இடையில் 4 செ.மீ. மேல்மடிப்பு இருக்கிறது. 'வெட்டு விளிம்பிலிருந்து 15, தைத்தபின் 11' என்று இரண்டையும் எழுதினால் குழப்பம் வராது. ஏற்ற இறக்கம் அரை சென்டிமீட்டர் வரை விடலாம். இரண்டு நிறங்கள் ஒட்டிவரும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று அரை மில்லிமீட்டர் ஏறும்படி டிசைனிலேயே வைத்துவிடுங்கள், இல்லையென்றால் நடுவில் துணி ஒரு கோடாகத் தெரியும். தைத்தபின் அடிப்பதாகச் சொன்னால், பக்கத் தையலுக்கு மூன்று செ.மீ. அருகில் எதுவும் வராதபடி பாருங்கள். தையலின் மேட்டில் ஸ்கிரீன் சரியாகப் படியாது.

தையலுக்கு வருவோம். ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணுங்கள். கேன்வாஸுக்கு 8 முதல் 10 வரை சரி. பீஸ் ரேட்டில் வேகம் கூட்ட டெய்லர் முதலில் செய்வது தையல் நீளத்தைக் கூட்டுவதுதான். 9 இருந்த இடத்தில் 6 ஆகிவிடும். பார்வைக்குச் சட்டென்று தெரியாது, பாரம் ஏறினால்தான் வாய் பிளக்கும். அதற்காக 12, 14 என்று கேட்காதீர்கள். ஊசி ஓட்டைகள் நெருங்கினால் தபால்தலை கிழிவதுபோல் துணியே கிழியும். பக்கத் தையலில் உள்விளிம்புக்கு ஓவர்லாக் இருக்கிறதா, அல்லது மடித்துத் தைத்திருக்கிறதா என்று பையைப் புரட்டிப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாகத் துணி விட்டிருந்தால், தளர்வான நெசவில் நூல் அறாமலே தையல் உருவிக்கொண்டு வரும்.

காதுதான் பையின் உயிர். நான்கு மடிப்புக் காது, மூன்று மடிப்பு மேல்விளிம்பு, ஆக ஊசி ஏழு அடுக்கைக் குத்த வேண்டும். 18-ம் நம்பர் ஊசி போடாவிட்டால் அங்கே தையல் விட்டுவிட்டு விழும், ஊசி முனை உடைந்து உள்ளேயே தங்கவும் கூடும். காது மேல்மடிப்பின் முழு ஆழத்துக்கும் இறங்கி, சதுரமும் அதன் நடுவே பெருக்கல் குறியுமாகத் தைக்கப்பட வேண்டும். லைனில் இந்தப் பெருக்கல் குறிதான் முதலில் காணாமல் போகும். நேரம் மிச்சப்படுத்த இரண்டு நேர்க்கோட்டுத் தையலோடு விட்டுவிடுவார்கள். முன்காதும் பின்காதும் பக்கத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு செ.மீ. விலகினாலே பை கோணலாகத் தொங்கும்.

காதின் நீளத்தை டேப்பால் மட்டும் முடிவு செய்யாதீர்கள். மேலே சொன்ன 64 செ.மீ. காது முனைகள் உள்ளே போனபின் தொங்கலில் 26, 27 செ.மீ. தரும். தோளில் மாட்ட வசதி. கையில் பிடித்தால் பையின் 42-உம் சேர்ந்து 69 செ.மீ. ஐந்தடி உயரமுள்ளவர் கையில் தொங்கவிட்டால் பையின் அடி தரையில் உரசும். உங்கள் வாடிக்கையாளர் பேருந்தில் தோளில் மாட்டிப்போகிறவரா, வண்டியின் கொக்கியில் மாட்டுகிறவரா என்று யோசித்து முடிவு செய்யுங்கள். கொக்கிக்கு இந்த நீளம் ஆகாது.

சோதனைப் பையை இந்த வரிசையில் வதைக்கலாம்: எடை, அளவு, தொங்கவிடுதல், தேய்த்தல், துவைத்தல், கடைசியில் பிரித்தல். வரிசை மாறினால் அளவுகள் பொய்யாகும். தொங்கவிட, 10 கிலோ அரிசியைப் போட்டுத் தடித்த குழாயிலோ கம்பிலோ ஒரு இரவு மாட்டுங்கள். ஆணியில் மாட்டினால் காது ஒரே புள்ளியில் அறுபடும், அது நியாயமான சோதனை ஆகாது. காலையில் எடுத்து ஐம்பது முறை வெடுக்கென்று தூக்கி இறக்குங்கள். பிறகு காது சேரும் இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசி ஓட்டை நீண்டிருந்தால் நூல் வலுவாக இருந்தாலும் துணி தோற்றுக்கொண்டிருக்கிறது. அப்போது காதின் உட்புறம் கூடுதல் துணி வைத்துத் தைக்கச் சொல்ல வேண்டும். கடைசியில் ஒரு காதைப் பிளேடால் பிரித்து உள்ளே எத்தனை செ.மீ. போயிருக்கிறது என்று அளந்துவிடுங்கள், வெளியே பார்த்தால் தெரியாதது அது.

பேக்கிங்கில் ஒரே எச்சரிக்கை. இரண்டு பிரிண்டை முகத்தோடு முகம் வைத்து ஐந்து கிலோ பாரம் ஏற்றி ஒரு நாள் மொட்டைமாடி வெயிலில் வையுங்கள். பிரிக்கும்போது ஒட்டிக்கொண்டு உரிந்தால், மே மாத லாரியில் 2000-மும் அப்படித்தான் வரும். துணிப்பை ஒவ்வொன்றையும் பாலிதீன் உறையில் போட்டு வாங்குவது பிளாஸ்டிக் வேண்டாம் என்று பை கொடுக்கும் கடைக்கு அழகில்லை, ஐம்பது ஐம்பதாகக் கட்டி அட்டைப்பெட்டியில் வைத்தால் போதும்.

எல்லாம் தேறினால் ஓகே கடிதம். 'சாம்பிள் நன்றாக உள்ளது, தொடரவும்' என்று எழுதினால் பின்னால் வாதாட ஒன்றும் இருக்காது. இப்படி எழுதலாம்:

துணி: கோரா கேன்வாஸ், 270 ஜிஎஸ்எம், 5 சதவீத ஏற்ற இறக்கம்.
அளவு: 38 × 42 செ.மீ., கூடக்குறைய 1 செ.மீ. காது தொங்கல் 26 செ.மீ., கூடக்குறைய 1 செ.மீ. ஒரே பையின் இரு காதுகளுக்குள் வித்தியாசம் அரை செ.மீ.
தையல்: அங்குலத்துக்கு 8 முதல் 10. காது நான்கு முனையிலும் சதுரமும் பெருக்கல் குறியும்.
பிரிண்ட்: நீர்சார்ந்த பிக்மென்ட், கையெழுத்திட்ட ஸ்டிரைக் ஆஃப் படி. தைத்த மேல்விளிம்பிலிருந்து 11 செ.மீ. கியூரிங் வெப்பம், நேரம்.
எடை: ஒரு பை 127 முதல் 141 கிராம்.

'திருத்தங்களோடு ஓகே' என்று மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். காது ஒரு செ.மீ. குறைய வேண்டும் என்பது போன்ற சின்னத் திருத்தமானால் எண்ணோடு எழுதி, திருத்திய பையை டேப் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். துணி, இங்க், காது இணைப்பு ஆகியவற்றில் மாற்றம் என்றால் இன்னொரு பிபி சாம்பிள்தான். மூன்று நாள் தாமதம் பெரிதல்ல. பிறகு மீதமுள்ள மூன்று பைகளிலும் காதில் அட்டை கட்டி, அட்டையின் நூல்முடிச்சு பிரிந்தால் தெரியும்படி அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டி, இரு தரப்பும் தேதியோடு கையெழுத்திடுங்கள். சீல் சாம்பிள் என்பது இதுதான்.

லைன் ஓடத் தொடங்கியதும் முதல் நாள் வரும் இருபது, முப்பது பைகளில் ஐந்தைக் கேட்டு வாங்கி அதே தராசில், அதே டேப்பில் பாருங்கள். தையல் எண்ணிக்கையும் பெருக்கல் குறியும் அங்கே தெரிந்துவிடும். சரக்கு முடிந்தபின் சோதிக்க, எத்தனை பையை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் ஐஎஸ்ஓ 2859-1 அட்டவணையை வைத்துக்கொள்ளலாம். பொது நிலை 2-ன்படி 1201 முதல் 3200 வரையுள்ள சரக்கில் 125 பையை எடுத்துப் பார்க்க வேண்டும். பெருங்குறைக்கு ஏக்யூஎல் (ஏற்கத்தக்க தர அளவு) 2.5 என்று வைத்தால் 7 குறைப்பை வரை ஏற்பு, 8 வந்தால் நிராகரிப்பு. சிறுகுறைக்கு 4.0 என்றால் 10 வரை ஏற்பு, 11 வந்தால் நிராகரிப்பு. எது பெருங்குறை, எது சிறுகுறை என்று ஓகே கடிதத்திலேயே பிரித்துவிடுங்கள். காது விலகல், புள்ளி விழாத எழுத்து, எடைக் குறைவு பெருங்குறை. வெட்டாத நூல் பிசிறு சிறுகுறை. உள்ளே தங்கிய ஊசிமுனை ஒன்றுகூட ஏற்கப்படாது. 125 பையையும் ஒரே பெட்டியிலிருந்து எடுக்காமல், அடியில் கிடக்கும் பெட்டிகளையும் நீங்களே காட்டி இறக்கச் சொல்லுங்கள். கழித்த பைகளை என்ன செய்வார்கள் என்பதையும் பேசிவிடுங்கள். உங்கள் சின்னம் போட்ட கழிவுப் பை சந்தையில் காய்கறி சுமப்பது நல்லதா கெட்டதா என்பது உங்கள் விருப்பம், ஆனால் விற்கலாமா கூடாதா என்பது எழுத்தில் இருக்கட்டும்.

உங்களிடம் உள்ள சீல் சாம்பிளைக் கடையில் மாட்டி வைக்காதீர்கள், வெளிச்சம் பட்டால் கோரா நிறம் மாறும். காகித உறையில் போட்டு அலமாரியில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து மறு ஆர்டர் கொடுக்கும்போது அளவுக்கும் தையலுக்கும் அதைக் காட்டலாம். துணியும் இங்க்கும் புது லாட் என்பதால் பிபி சாம்பிள் மட்டும் மறுபடி வாங்க வேண்டும்.